பிணைப்புக் கோணத்தை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகள் மூலக்கூறுகளின் பிணைப்புக் கோணங்களை (ஓர் அணுவிலிருந்து கிளம்பும் இரு பிணைப்புகளுக்கு இடையிலான கோணங்களை) அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறாள். ஆனாலும் தேர்வில் அம்மோனியாவையும் நீரையும் மாற்றி எழுதிவிடுகிறாள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த அட்டவணையை மூடி வைக்கச் சொல்லுங்கள். மைய அணுவில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகள், அதாவது தனித்த இரட்டைகள், எத்தனை? இதைக் கேட்டுப் பழகினால் போதும். பிணைப்புகளை எண்ணிவிட்டு, தனித்த இரட்டைகளை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலும் விடை தவறுகிறது.

நீரையே பார்ப்போம். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். அவற்றில் 2 ஹைட்ரஜன்களுடன் பிணைப்பில் சேர்கின்றன. மிஞ்சும் 4, இரண்டு தனித்த இரட்டைகள். ஆக, ஆக்சிஜனைச் சுற்றி மொத்தம் 4 இரட்டைகள். இவை ஒன்றையொன்று விலக்குவதால், முடிந்த மட்டும் தள்ளி நிற்கப் பார்க்கும். தாளில் வரைந்தால் கூட்டல் குறி போல 90 பாகைதான் கிடைக்கும். ஒரு களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளை எல்லாப் பக்கமும் சமமாக விலகும்படி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நான்முகி வந்துவிடும்; கோணம் 109.5 பாகை. மீத்தேனில் நான்கு முனைகளிலும் ஹைட்ரஜனே இருப்பதால் இந்தக் கோணம் அப்படியே நிற்கிறது.

தனித்த இரட்டையை ஒரே அணுக்கருதான் ஈர்க்கிறது. அதனால் அது மைய அணுவின் அருகிலேயே பருத்து நின்று, பிணைப்பு இரட்டைகளை நெருக்குகிறது. அம்மோனியாவில் தனித்த இரட்டை ஒன்று, கோணம் 107. நீரில் இரண்டு, கோணம் 104.5. இந்தக் காரணம் மனதில் பதிந்தால் இரண்டும் இடம் மாறாது. வடிவத்துக்குப் பெயர் சொல்லும்போது மட்டும் அணுக்கள் இருக்கும் இடத்தையே பார்க்க வேண்டும்: அம்மோனியா முக்கோணப் பிரமிடு, நீர் வளைந்த வடிவம்.

இரட்டைப் பிணைப்பை ஒரே தொகுதியாக எண்ண வேண்டும். கார்பன் டைஆக்சைடின் கார்பனில் தனித்த இரட்டை இல்லை. எனவே நேர்கோடு, 180. சல்ஃபர் டைஆக்சைடின் கந்தகத்தில் ஒன்று இருக்கிறது. எனவே வளைந்து, சுமார் 119.

வேதியியலாளர்கள் கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் செம்மைப்படுத்திய இந்த எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கைக்கும் எல்லை உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் தனித்த இரட்டைகள் இரண்டுதான், கோணமோ 92. கந்தகம் பெரிய அணு. பிணைப்பு இரட்டைகள் தள்ளியிருப்பதால் அவற்றுக்கிடையே விலக்கம் குறைவு. கந்தகத்தின் பி ஆர்பிட்டால்களே (ஒன்றுக்கொன்று 90 பாகையில் அமைந்த எலக்ட்ரான் இருப்பிடங்கள்) ஏறக்குறைய இனக்கலப்பு இல்லாமல், அதாவது மற்ற ஆர்பிட்டால்களுடன் கலக்காமல், பிணைகின்றன. பாஸ்ஃபீனின் 93.5க்கும் இதே விளக்கம்தான்.

பயிற்சிக்கு செனான் டைஃபுளோரைடைக் கொடுங்கள். செனானின் வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள். இரண்டு பிணைப்புகள் போக மூன்று தனித்த இரட்டைகள். ஐந்தும் முக்கோண இருபிரமிடாக (அடிப்பக்கம் ஒட்டிய இரண்டு முக்கோணப் பிரமிடுகளாக) அமையும்போது தனித்தவை மூன்றும் நடுத்தளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஃபுளோரின்கள் மேலும் கீழுமாக நிற்கும். கோணம் 180 என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.