“நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?”

கேள்வி: கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறேன். சமூகத்தைப் பற்றி ஒரு கருத்தை ஆராயக் கட்டுரை போதாதா, ஆவணப்படம் எதற்கு? கேமராவைக் கண்டதும் நடிக்கத் தொடங்கிவிடும் மனிதர்களிடமிருந்து என்ன உண்மை கிடைத்துவிடும்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் துறைக்காரர் ஒருவரே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். சமூகவியலாளர் எட்கர் மோரனும், ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் படமெடுத்திருந்த மானிடவியலாளர் ழான் ரூஷும் 1960-ஆம் ஆண்டுக் கோடையில் பாரிஸ் மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்ய இறங்கினார்கள். ‘ஒரு கோடையின் குறிப்பேடு’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புடன் அந்தப் படம் 1961-இல் வெளிவந்தது. மார்சலின் என்ற பெண் மைக்கும் கையுமாகத் தெருவில் நின்று, போவோர் வருவோரிடம் “நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?” என்று கேட்கிறார். சிலர் நிற்காமலே போய்விடுகிறார்கள். சிலர் தங்கள் மனக்குறைகளைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைவிட என்னைப் பிடித்து நிறுத்திய காட்சி வேறு. மேசையைச் சுற்றி ஆப்பிரிக்க மாணவர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பேசிக்கொண்டிருக்கும்போது, மார்சலினின் கையில் பச்சை குத்தியிருக்கும் எண் என்னவென்று தெரியுமா என்று ரூஷ் கேட்கிறார். தொலைபேசி எண்ணாக இருக்கலாம் என்கிறார் ஒரு மாணவர். அது நாஜிகளின் வதைமுகாமில் குத்தப்பட்ட எண். காலனியத்தின் கொடுமையை அறிந்தவருக்கு ஐரோப்பாவின் கொடுமை தெரிந்திருக்கவில்லை என்பதைக் கட்டுரையிலும் எழுதிவிடலாம். பதில் தெரிந்த கணத்தில் அந்த முகங்களில் படரும் மாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

நடிப்பைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு அதே மார்சலினிடம் விடை இருக்கிறது. தோளில் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு பாரிஸின் ஒரு சதுக்கத்தில் தனியாக நடந்தபடி, தன்னோடு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத தந்தையிடம் அவர் பேசுகிறார். அங்கே தான் நடித்ததாகப் பிறகு அவரே சொன்னார். அப்படியே நடித்திருந்தாலும் அவருக்குள் இருந்த மிக உண்மையான பகுதிதான் அப்போது வெளிப்பட்டது என்ற பொருளில் மோரனும் ரூஷும் படத்தின் இறுதியில் விவாதிக்கிறார்கள். ஆகவே கேமரா நடிக்கவைக்கிறது என்பது சரி; நாம் கவனிக்க வேண்டியது, ஒருவர் எதை நடிக்கத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை.

இன்னொன்றும் உண்டு. எடுத்த காட்சிகளை அவற்றில் தோன்றியவர்களுக்கே திரையிட்டுக் காட்டி, அவர்கள் போட்ட சண்டையையும் படத்தில் சேர்த்தார்கள். ஒருவருக்கு உண்மையாகப் பட்டது இன்னொருவருக்கு அநாகரிகமாகப் பட்டது. நம் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறும் மனிதர்களுக்கு, அதே பக்கத்தில் நம்மை மறுத்துப் பேச எப்போதாவது இடம் கொடுத்திருக்கிறோமா? ஆனாலும் ஆவணப்படக்காரர்களை அப்பாவிகளாக எண்ணிவிட வேண்டாம். சுமார் 25 மணி நேரப் பதிவு ஒன்றரை மணி நேரப் படமாகச் சுருங்கும்போது, எது போனது, எது நின்றது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். வகுப்பில் இதைத் திரையிட்டால் மாணவர்கள் முதல் அரை மணி நேரம் நெளிவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில் ஆவணப்படத்துக்கு முன்னோடி என்று யாரைச் சொல்லலாம்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர்தான், ஏ.கே. செட்டியார். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. மேலே சொன்ன பாரிஸ் படத்தைப் போல அது கேள்வி கேட்கும் படமன்று. தேடிச் சேர்ப்பதே அதன் ஆராய்ச்சி. முப்பது ஆண்டுகளில் நூறு பேர் எடுத்துவைத்திருந்த காட்சிகளை நாடு நாடாக அலைந்து 50,000 அடி அளவுக்குச் சேகரித்து, அதிலிருந்து 12,000 அடிப் படத்தை 1940-இல் வெளியிட்டார். அந்த அலைச்சலை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். படச்சுருளுக்காக யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினார் என்பதை அதில் படித்துப் பாருங்கள்.