கடையில் ஈஸ்ட் வாங்காமல் வீட்டிலேயே இஞ்சி பீர் செய்ய முடியுமா?

முடியும். தேவையான ஈஸ்ட் இஞ்சித் தோலிலேயே இருக்கிறது. அதனால் தோலைச் சீவாதீர்கள். குளோரின் இல்லாத 2 கோப்பைத் தண்ணீரில் துருவிய இஞ்சியும் சர்க்கரையும் தலா 2 மேசைக்கரண்டி போட்டுத் துணியால் மூடுங்கள். தினமும் இரண்டிலும் ஒவ்வொரு மேசைக்கரண்டி சேர்த்துக் கிளறினால், வெப்பத்தைப் பொறுத்து 3 முதல் 7 நாட்களில் குமிழிகள் பொங்கும். பூஞ்சை படர்ந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பிறகு இஞ்சி, சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்த நீரை முழுதாக ஆறவிடுங்கள். சூடு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். எலுமிச்சைச் சாறு பிழிந்து, லிட்டருக்குக் கால் கோப்பை நுரைத்த கலவையை வடிகட்டி ஊற்றி, பாட்டிலில் அடைத்து வையுங்கள்.

பாட்டில் விஷயத்தில்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். உள்ளே சேரும் வாயுவின் அழுத்தத்தால் கண்ணாடி வெடிக்கலாம். பிளாஸ்டிக் சோடா பாட்டிலே நல்லது: விரலால் அழுத்தும்போது கல்லாக இறுகியிருந்தால் உடனே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். சிறிதளவு ஆல்கஹாலும் உண்டாகும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.