வயற்காணி வழக்குகள்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பக்கத்து வயற்காரர் வரம்பை வெட்டி, எங்கள் கால் ஏக்கரைத் தன்னோடு சேர்த்து உழுதுவிட்டார். ஒன்றரை மாதம் ஆகிறது. பொலிஸில் முறைப்பாடு போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. (ஒட்டுசுட்டான்)

உங்களுக்கு மிச்சம் இரண்டு கிழமைதான். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போகவேண்டும். வழக்குத் தாக்கலான அன்று காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். அந்த இரண்டு மாதம் தாக்கல் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். பொலிஸ் முறைப்பாட்டுத் திகதி கணக்கில் வராது. ஜீ.எஸ். (கிராம சேவகர்) விசாரணை, கமக்காரர் அமைப்புக் கூட்டம் என்று அலைந்து நாளைத் தொலைத்தே பலர் தோற்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும் தோற்பதைப் பார்க்க வயிறெரிகிறது.

பொலிஸ் அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசியோடு நீங்களே தாக்கல் செய்யலாம். சமாதானம் குலையும் நிலை இருப்பதை அதில் எழுதவேண்டும். வெட்டிய வரம்பின் படம், கமநல சேவை நிலையத்தில் அந்த வயலுக்கு உரமானியம் பெற்ற பதிவு, போன போகத்தில் உழுத உழவு இயந்திரக்காரரின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைச் சேருங்கள். காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் போதாது, இங்கே கேள்வி ஆட்சி பற்றியது, அதாவது காணி யார் கையில் இருந்தது என்பது. உரித்து யாருக்கு என்பதை மாவட்ட நீதிமன்றம் பிறகு தீர்க்கும்.

2004இல் ஒரு பேமிற் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினோம். இருபது வருடம் செய்கிறோம். எங்களுக்கு உரித்து வந்துவிட்டதா? (துணுக்காய்)

இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. எத்தனை வருடம் ஆண்டாலும் ஆட்சியுரிமை கிடைக்காது. உறுதிக் காணியாக இருந்தாலும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத வெள்ளைத்தாள் உரித்தைத் தராது. பேமிற்காரர் உயிரோடு இருக்கையிலேயே அவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை கிணறு, வீடு என்று பெருஞ்செலவு வேண்டாம்.

இடம்பெயர்ந்து போன எங்கள் உறுதிக் காணியை 2010 முதல் ஒருவர் செய்கிறார். பத்து வருடம் தாண்டியதால் தனக்கே சொந்தம் என்கிறார். (பூநகரி)

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பத்து வருடக் கணக்கிலிருந்து விலக்கியது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தையே. 2010க்குப் பின்னானதை அது காக்காது. ஆனால் எப்படி உள்ளே வந்தார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ‘பார்த்துக்கொள்’ என்று நீங்கள் விட்டவர், உங்களுக்குக் குத்தகையோ வாரமோ தந்தவர் என்றால், உங்கள் அனுமதியில் இருந்தவர் அவர். வெறும் கால ஓட்டத்தால் அவருக்கு உரித்து வராது. பழைய கடிதம், வங்கியில் போட்ட குத்தகைக் காசு, நெல் ஏற்றிவந்தவர் என்று எதையும் விடாமல் தேடுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள்.

அப்பா பின்னுரித்தாளர் (தனக்குப் பின் காணியைப் பெறுபவர்) பெயர் போடாமல் இறந்தார். பேமிற் காணி மூத்த மகனான தனக்கே என்கிறார் அண்ணா. (கனகராயன்குளம்)

அம்மா இருந்தால் முதலில் அவருக்கே சீவிய உரித்து. அதன் பிறகுதான் பிள்ளைகள். ஆணுக்கு இருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம் நீக்கியது. அப்பா அதற்கு முன் இறந்தாரா, பின்னரா என்று மரணச் சான்றிதழில் பாருங்கள். அப்பா இறந்து ஆறு மாதத்துக்குள் அம்மா காணியை ஆட்சியில் எடுத்திருக்கவேண்டும் என்பதும் முக்கியம்.