மேலே எறிந்த கல் தரைக்கு வர எத்தனை நொடி?

கேள்வி: 40 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது, அது எப்போது தரையைத் தொடும் என்பது கணக்கு. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்துச் செய்தால் எனக்கு 2 நொடி வருகிறது. புத்தகத்திலோ 4 நொடி என்றிருக்கிறது. எங்கே தவறினேன்?
– பதினோராம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: நீங்கள் எடுத்த சமன்பாடு (இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²) சரிதான், குறியில்தான் பிழை. மூன்று எண்களையும் நேர்க்குறியோடு இட்டதால், அதே வேகத்தில் கீழ்நோக்கி எறியப்பட்ட கல்லுக்கான நேரத்தை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்தக் கல்லுக்கு 2 நொடி என்பது மிகச் சரியான விடை.

மேல்திசை நேர்க்குறி என்று முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்போது தொடக்கத் திசைவேகம் +10. முடுக்கம், கல் ஏறும்போதும் இறங்கும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும்கூட, −10 தான். தரை, எறிந்த இடத்துக்குக் கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி −40. கல் கடந்த மொத்தத் தொலைவு 50 மீட்டர் என்றாலும் சமன்பாடு கேட்பது இடப்பெயர்ச்சியை மட்டுமே. நேரத்தை 'நே' என்று கொண்டால்:

−40 = 10நே − 5நே²
நே² − 2நே − 8 = 0

விடைகள் 4, −2. வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: கல் 1 நொடியில் 5 மீட்டர் ஏறி நிற்கிறது, அங்கிருந்து 45 மீட்டர் விழ 3 நொடி ஆகிறது.

அந்த −2 ஐ உடனே அடித்துவிடாதீர்கள்; இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். தரையிலிருந்து ஒருவர் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை 2 நொடிக்கு முன்பே மேலே எறிந்திருந்தால், அது சரியாக இப்போது, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், உங்கள் கையைக் கடந்து மேலே போயிருக்கும். சமன்பாட்டுக்கு அந்தக் கல்லும் உங்கள் கல்லும் ஒன்றுதான்.

கேள்வி: இத்தகைய கணக்குகளில் கல்லின் நிறையை ஏன் தருவதில்லை?
– வாசகர், தென்காசி

பதில்: நிறை இருமடங்கானால் புவி இழுக்கும் விசையும் இருமடங்காகிறது, ஆனால் அந்த நிறையை முடுக்கத் தேவையான விசையும் இருமடங்காகிவிடுவதால் முடுக்கம் மாறுவதில்லை. இறகு பின்தங்குவது காற்றின் தடையால்தான். காற்றில்லாத நிலவில், 1971 ஆகஸ்டில், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.