முழங்கால் தேய்மானமும் வீடியோ பிசியோதெரபியும்: கேள்வி பதில்

என்னிடம் வரும் முழங்கால் மூட்டுத் தேய்மானக்காரர்களில் பாதிப் பேரை இப்போது வீடியோ அழைப்பில்தான் பார்க்கிறேன். அதைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மடங்கியே கிடந்து பழகிய மூட்டு, நீட்ட மறுக்கும்.

கேமராவில் பார்த்து என்ன தெரிந்துவிடும் மேடம்?

நிறையத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணுவேன். கை ஊன்றுகிறீர்களா, வலிக்காத காலுக்குப் பாரத்தைத் தள்ளுகிறீர்களா, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். போனைக் கையில் பிடிக்க வேண்டாம். ஸ்டூல் மேல் வைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை தெரியும்படி தள்ளி நில்லுங்கள். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், சக்கரம் வைத்தது வேண்டாம். முதல் நாள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

குளுக்கோசமின் மாத்திரை சாப்பிடலாமா?

மருந்து என் துறை இல்லை. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகம் என்கிறார்கள். பயிற்சி செய்தால் இன்னும் தேயாதா?

தேயாது. அளவாகக் கொடுக்கும் பாரம் மூட்டுக்குத் தேவை. எக்ஸ்ரே மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. லேசான தேய்மானத்தோடு தவிப்பவர்களும் உண்டு. பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்துக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடருங்கள். வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

தொடாமல் செய்வது பிசியோதெரபியே இல்லை. வைத்தியம் கையில்தான் இருக்கிறது.

பாதி ஒப்புக்கொள்கிறேன். விழுந்து அடிபட்ட முழங்காலை நான் வீடியோவில் பார்ப்பதில்லை. தசைநார் கிழிந்திருக்கிறதா என்று கையால் சோதிக்க வேண்டும். தேய்மானம் அப்படி இல்லை. அதற்கு முக்கியமான வைத்தியம் தொடைத் தசையை வலுவாக்குவது, எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, நோயைப் புரிந்துகொள்வது. இதில் எதற்கு என் கை வேண்டும்? ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 394 பேரில் ஒரு பகுதியினரை நேரிலும் மற்றவர்களை வீடியோவிலும் பிசியோதெரபிஸ்ட் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 3 மாதத்தில் 5 சந்திப்பு. முடிவு 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வலி குறைவதிலும் நடமாட்டத்திலும் வீடியோ பின்தங்கவில்லை.

அதே நண்பர்: ஆய்வு சரி. 70 வயது அம்மாவுக்குக் கேமரா முன்னால் நம்பிக்கை வருமா?

உடனே வராது. என்னிடம் ஒரு அம்மா முதல் இரண்டு அழைப்பிலும் பேசவே கூச்சப்பட்டார். மூன்றாவதில் கட்டிலிலிருந்து எழுவது எவ்வளவு பாடு என்று காட்டினார். கட்டில் அவ்வளவு தாழ்வு! கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தச் சொன்னேன், அன்றைக்கே எழுவது சுலபமாயிற்று. கிளினிக்கில் என் உயரமான சிகிச்சை மேசையிலிருந்துதான் எழுந்திருப்பார், எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. வாசல்படி, குளியலறை, அவர் போடும் செருப்பு, எல்லாமே வீடியோவில்தான் எனக்குக் காணக் கிடைக்கின்றன.

இன்னொருவர்: கையால் அழுத்திவிட்டால் உடனே வலி குறைகிறதே?

குறைகிறது, மறுக்கவில்லை. அந்த இதம் நீடிப்பதில்லை. அதை நம்பிப் பயிற்சியை விட்டவர்களின் தொடை மெலிவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். நேரில் போங்கள், கையால் செய்துகொள்ளுங்கள், ஆனால் பயிற்சியும் செய்யுங்கள்.

பயிற்சி செய்தால் தேயுமா மேடம்?

மேலே சொல்லிவிட்டேன். தேயாது.

மாடிப்படி?

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடந்தால் தேய்ந்துவிடாதா?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். தேயாது. நடங்கள்.

நேற்றிலிருந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. என்ன பயிற்சி செய்யட்டும்?

எதுவும் வேண்டாம். இன்றே மருத்துவரை நேரில் பாருங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினாலும், கால் ஊன்றவே முடியாமல் போனாலும் இதே பதில்தான், எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

தலையணை வைத்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது மேடம்.

சரி, ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வையுங்கள். அடியில் மட்டும் வேண்டாம்.