கிரேடு 2 என்றால் இரண்டாம் கட்டப் புற்றுநோயா?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. விவசாயம் செய்கிறார். குறுவை நடவு நேரத்தில் வரப்பிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். ஸ்கேனில் மூளையின் இடது முன்பகுதியில் கட்டி தெரிந்தது, அறுவை செய்தார்கள். முதலில் வந்த பயாப்ஸி அறிக்கையில் ‘டிஃப்யூஸ் கிளியோமா’ என்று இருந்தது. சில வாரம் கழித்து வந்த அறிக்கையில் ‘ஆலிகோடென்ட்ரோகிளியோமா, ஐ.டி.எச். மியூட்டன்ட், 1பி/19கியூ கோடெலீட்டட், கிரேடு 2’ என்று இருக்கிறது. எது சரி? இரண்டாம் கட்டப் புற்றுநோய், உடம்பெல்லாம் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வயலுக்கு மருந்து அடித்ததால் வந்ததா? பிள்ளைகளுக்கும் வருமா?
– ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: சகோதரி, இரண்டு அறிக்கைகளும் சரிதான். பரிசோதனை முடியாத நிலையில் தந்தது முதலாவது. முடிந்த பின் தந்தது இரண்டாவது. இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டாவதை முதலில் எடுத்து நீட்டுங்கள்.

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கிளியா செல்களும் இருக்கின்றன. நரம்பு செல்கள் பிழைத்திருப்பதே கிளியாவின் தயவில்தான். நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகள் ரத்தக் குழாய்களை ஒட்டி நின்று நரம்பு செல்களுக்கு ஊட்டம் சேர்க்கின்றன. மைக்ரோகிளியா கழிவையும் கிருமியையும் விழுங்குகிறது. எபென்டைமல் செல்கள் மூளையின் உள்ளறைகளுக்குச் சுவர்ப்பூச்சாக அமைந்திருக்கின்றன. ஆலிகோடென்ட்ரோசைட்டுகள், பம்புசெட் மோட்டாருக்குப் போகும் ஒயரின் மேலுறை போல, நரம்பு இழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறையைச் சுற்றுகின்றன.

வளர்ந்துவிட்ட நரம்பு செல் பிரிந்து பெருகுவதில்லை. கிளியாவும் அதன் மூல செல்களும் பெருகக்கூடியவை. அந்தப் பெருக்கம் கட்டுமீறும்போது உண்டாவதுதான் கிளியோமா. அது குடும்பப் பெயர் மாதிரி. ஆஸ்ட்ரோசைட்டோமா, எபென்டைமோமா, ஆலிகோடென்ட்ரோகிளியோமா எல்லாம் அந்தக் குடும்பத்து உறுப்பினர்கள். ‘டிஃப்யூஸ்’ என்றால், கட்டி உருண்டையாகத் தனித்து நிற்காமல் சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறது என்று பொருள்.

1926-இல் பெய்லி, குஷிங் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நுண்ணோக்கியில் தெரியும் செல்லின் தோற்றத்தை வைத்து இந்தக் கட்டிகளை வகைப்படுத்தினார்கள். வெகுகாலம் அதே வழிதான். தோற்றம் பல சமயம் ஏமாற்றும். ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு பெயர் சொல்வதுண்டு. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மரபணுச் சோதனையையும் பெயருக்குள் கொண்டுவந்தது. 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு அதை இன்னும் கறாராக்கியது. இப்போது ஆலிகோடென்ட்ரோகிளியோமா என்று எழுத இரண்டு அடையாளங்கள் வேண்டும்: ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் (‘மியூட்டன்ட்’), மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் முதலாவதன் குட்டைக் கையும் (1பி) 19-ஆவதன் நெட்டைக் கையும் (19கியூ) சேர்ந்தே காணாமல் போயிருப்பது (‘கோடெலீட்டட்’). இரண்டாவது சோதனை எல்லா ஆய்வகத்திலும் நடப்பதில்லை. வெளியூருக்கு அனுப்பி வாங்க நாளாகும். உங்களைக் காக்கவைத்தது அதுதான். காத்திருந்ததில் பலன் உண்டு: இந்த இரண்டு அடையாளங்களும் உள்ள கட்டி கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் நன்றாகக் கட்டுப்படும்.

அடுத்து, அந்த 2. நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களில் ‘கட்டம்’ என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் குறிக்கும். கிளியோமா மூளையையும் தண்டுவடத்தையும் தாண்டிப் போவது மிக அரிது என்பதால் அதற்கு அந்தக் கணக்கே கிடையாது. கிரேடு என்பது கட்டியின் குணம், அதாவது அது எவ்வளவு வேகமாக வளரக்கூடியது என்ற மதிப்பீடு. 1 முதல் 4 வரை உண்டு. ஆலிகோடென்ட்ரோகிளியோமாவில் 2, 3 இரண்டுதான். உங்கள் கணவருடையது அதில் குறைந்தது. உடம்பெல்லாம் பரவும் என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

இது புற்றுநோய் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மெதுவாக வளரும், ஆனால் திரும்பி வரக்கூடிய புற்றுநோய்தான். சிகிச்சையோடு பத்து ஆண்டுகளுக்கு மேல் நடமாடுகிறவர்கள் ஏராளம்; பிள்ளைகளின் படிப்பைக் கூட இருந்து பார்க்கிற காலம் அது. ஸ்கேனைத் தவறவிட்டால்தான் ஆபத்து.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த ஐ.டி.எச். மாற்றம் கட்டியின் செல்லில் புதிதாக ஏற்பட்டது, அப்பாவின் வித்தணு வழியாக இறங்கி வருவதில்லை. பூச்சிமருந்துதான் காரணம் என்றும் நிறுவப்படவில்லை. மருந்து அடிக்கும்போது முகத்தையும் கையையும் மூடிக்கொள்வது வேறு காரணங்களுக்காக எப்போதும் அவசியம். ஆனால் அவர் செய்த விவசாயத்தின் மேல் இந்தப் பழியைப் போடாதீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சி அவருக்கு வேண்டாம்.

அறுவை செய்த மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: அறுவைக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி மிச்சம் இருக்கிறதா? கதிர்வீச்சும் கீமோவும் இப்போதே வேண்டுமா, ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தால் போதுமா என்பதை அந்தப் பதிலும், அவருடைய வயதும், வலிப்பின் நிலையும் சேர்ந்து முடிவு செய்யும். கதிர்வீச்சுக்குத் தஞ்சாவூரோ திருச்சியோ சென்னையோ, எங்கே போனாலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதல் நாளே காட்டுங்கள். பயாப்ஸி செய்த இடத்தில் பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறுவையில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த, கட்டைவிரல் அகலமுள்ள சின்ன மெழுகுத் துண்டுதான் அந்த பிளாக். மறுபரிசோதனைக்கு அதுவே ஆதாரம். வெயிலில் நிற்கும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட அவராக நிறுத்தக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும் வரை பைக்கும் டிராக்டரும் வேண்டாம். தென்னையில் ஏறுவதும், ஆற்றிலோ குளத்திலோ பம்புசெட் தொட்டியிலோ தனியாகக் குளிப்பதும் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் வலிப்பு வந்தாலும் மூழ்கிவிட முடியும். மறுபடி வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள்.