முற்பாதியில் தொலைந்த மூன்று நிமிடங்கள்

கேள்வி: எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே தோட்டத் திடலில் நடந்த காற்பந்துப் போட்டியில், ஒரு பாதிக்கு 25 நிமிடம் என்று முடிவு செய்திருந்தார்கள். நடுவராக இருந்த ஆசிரியர் 22ஆவது நிமிடத்திலேயே முற்பாதியை முடித்துவிட்டார். பிற்பாதி தொடங்கிய பிறகே கோல் கணக்கு எழுதியவர் அதைச் சுட்டிக்காட்டினார். ஈடுகட்டுவதற்காக நடுவர் பிற்பாதியை 28 நிமிடம் நடத்த, கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் அடித்து வென்றது. இது முறையா? – அணிப் பொறுப்பாசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: முறையன்று. முற்பாதியில் நேர்ந்த நேரக் கணக்குப் பிழையைப் பிற்பாதியின் நீளத்தை மாற்றிச் சரிக்கட்டக்கூடாது என்று ஆட்ட விதிகளில் 7ஆவது விதி தெளிவாகவே சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் 50 நிமிடம் சரியாகத்தானே வருகிறது என்று உங்கள் நடுவர் நினைத்திருக்கலாம். ஆனால் இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுகின்றன. நம் தோட்டத் திடல்களில் பல ஒரு பக்கம் சரிந்தே இருப்பதால், ஓர் அணி 22 நிமிடம் மட்டுமே இறக்கத்தை நோக்கி ஆட, மற்ற அணிக்கு அதே இறக்கம் 28 நிமிடம் கிடைத்துவிடுகிறது. மாலை வெயில் கோல்காவலரின் கண்ணில் அடிக்கும் திடலிலும் இதே கதைதான்.

ஆட்டக்காரர்கள் பந்தலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிழை தெரிந்திருந்தால், இரு அணிகளையும் திரும்ப அழைத்து, பக்கம் மாறாமல் எஞ்சிய மூன்று நிமிடத்தையும் ஆடவிட்டிருக்கலாம். விசில் ஊதியபோது பந்து ஆட்டத்தில் இருந்திருந்தால், நடுவர் பந்தைக் கீழே போட்டுத் தொடங்க வேண்டும். பிற்பாதி தொடங்கிவிட்டால் அந்த நிமிடங்கள் போனவைதான்; நடுவர் அதைத் தம் அறிக்கையில் மறைக்காமல் எழுதுவதே முறை.

பெரிய போட்டிகளிலும் இது நடக்கிறது. 2022 ஜனவரியில் கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டியில், துனிசியா–மாலி ஆட்டத்தை நடுவர் 85ஆவது நிமிடத்தில் ஒருமுறையும், 90 நிமிடம் நிறைவதற்குள் மறுமுறையும் முடித்து ஊதினார். வெகுநேரம் கழித்து ஆட்டத்தைத் தொடர அழைத்தபோது துனிசியா திடலுக்குத் திரும்பவில்லை. மாலியின் 1–0 வெற்றியே நிலைத்தது.

உங்கள் ஆட்டத்தில் விழுந்த கோலைப் பற்றிச் சொல்வதானால், கோலா இல்லையா என்பதிலும் ஆட்டத்தின் முடிவிலும் நடுவரின் தீர்ப்பே இறுதியானது. மனக்குறை இருந்தால் ஏற்பாட்டுக் குழுவிடம் எழுத்துமூலம் கொடுக்கலாம். திடலோரத்தில் பெற்றோர் முன்னிலையில் வாதாடுவதால் பயனில்லை.

கேள்வி: தண்ணீர் குடிக்க நிறுத்தும்போது கடிகாரத்தையும் நிறுத்தலாமா? – அதே வாசகர்

பதில்: ஒரே கடிகாரம் வைத்திருப்பவர் நிறுத்தவே கூடாது. நிறுத்தியவர் ஆட்டம் தொடங்கும் அவசரத்தில் மறுபடி ஓடவிட மறந்துவிடுவதே பல குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. தண்ணீர் இடைவேளை ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது; கடும் வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தரும் இடைவேளை ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை இருக்கலாம். இப்படி இழந்த நேரத்தையும், காயம், ஆட்டக்காரர் மாற்றம் ஆகியவற்றால் இழந்த நேரத்தையும் அந்தந்தப் பாதியின் இறுதியிலேயே சேர்த்துவிட வேண்டும். நேரம் முடியும் தறுவாயில் பெனால்டி கொடுத்திருந்தால், அது உதைத்து முடியும்வரை அந்தப் பாதி நீளும். இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டு ஒன்றை நிறுத்தாமல் ஓடவிடுவதும், ஒவ்வொரு பாதியும் தொடங்கிய மணியைக் கையிலுள்ள அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்வதும் செலவில்லாத பாதுகாப்பு.